கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? அத்திப்பள்ளி டோல்கேட்டிலிருந்து ஒரு கணக்கு

போன பொங்கலுக்கு தர்மபுரி வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம். சித்தப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறார். இரண்டும் பெங்களூருக்கு லோடு ஏற்றுபவை. மச்சான் ஓசூரில் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறவர். நான் அல்சூரில் இருக்கிறேன், பழைய பெட்ரோல் கார், மாதம் ஒருமுறை ஊருக்கு. என்னோடு வந்திருந்த அலுவலக நண்பரிடம் எலக்ட்ரிக் கார். நாலு பேரும் ஓடுவது அதே தேசிய நெடுஞ்சாலை 44-ல், அதே தாரின் மேல். "எல்லாரையும்விட ரோட்டுக்கு அதிகமா அழுவுறது நான்தான்" என்று மூன்று பேர் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். நண்பர் மட்டும் ஒன்றும் பேசாமல் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் பேசவில்லை என்பது பெங்களூர் திரும்பி, காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. நெடுஞ்சாலைக்கு யாரிடம் எப்படிப் பணம் வாங்குவது என்பதற்கு நான்கைந்து வழிகள் உண்டு. இனிமேல் ஓடும் தூரத்துக்கே கட்டணம் என்று 2024-லிருந்து ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வழியிலும் இந்த நாலு பேர் என்ன கொடுப்போம் என்று பார்த்துவிட்டால் எது நியாயம் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் எல்லோரும் கொடுத்துக்கொண்டிருந்தும் யாருக்கும் நினைவில்லாத ஒன்று: பெட்ரோல், டீசல் விலைக்குள் சாலைக்கென்றே ஒரு செஸ், அதாவது தனிக் கூடுதல் வரி, இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டத்தோடு வந்தது. 2020 மே மாதத்தில் லிட்டருக்கு 18 ரூபாய் வரை ஏறிய இந்த செஸ், 2022 மே மாதக் குறைப்பில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 2 ரூபாய் என்று இறங்கியது. அந்த விகிதத்தையே வைத்துக்கொள்வோம். என் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது, அதனால் கிலோமீட்டருக்கு 33 காசு. சித்தப்பாவின் லாரி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 50 காசு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போகும் பைக்குக்கு 10 காசு. நண்பரின் எலக்ட்ரிக் காருக்கு பூஜ்யம்.

வசூல் செய்ய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சாவடி வேண்டாம், கேமரா வேண்டாம், யார் எங்கே போனார் என்றும் யாருக்கும் தெரியாது. ஓடுகிற தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று பார்த்தாலும் முக்கால்வாசி நியாயம் இதிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒன்று, நண்பரின் கார். இன்னொன்று, இருபது டன்னுக்கு மேல் சுமக்கும் லாரியும் ஒரு டன் சொச்சம் எடையுள்ள காரும் கொடுப்பதில் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். அப்புறம், சாலைக்கென்று வாங்கிய பணம் முழுக்க சாலைக்கே போகிறது என்றும் சொல்ல முடியாது. 2018-லிருந்து அந்த நிதியின் பெயரே சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி. ரயில் பாதையும் அதில் பங்கு கேட்கலாம்.

அல்சூரிலிருந்து தர்மபுரி சுமார் 130 கிலோமீட்டர். இந்த செஸ் மட்டும் ஒரு வழிக்கு 43 ரூபாய் என் பெட்ரோலோடு போய்விடுகிறது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் அத்திப்பள்ளியில் ஒரு டோல்கேட், கிருஷ்ணகிரியில் இன்னொன்று.

டோல்கேட்டும் தூரக் கட்டணம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் அடிப்படை விகிதமே கிலோமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது: காருக்கு 65 காசு, பஸ்ஸுக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு, ஏழு அச்சும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு 4 ரூபாய் 20 காசு. அதன் மேல் ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீடு ஏறிய அளவில் 40 சதவீதமும் கூடிக்கொண்டே வரும். பிரச்சினை விகிதத்தில் இல்லை, யாருடைய கிலோமீட்டரை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. சாவடி வசூலிப்பது அதற்கு ஒதுக்கிய நீளத்துக்கு, நாம் ஓடிய நீளத்துக்கு அல்ல. மச்சான் ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டர் போல ஓட்டி முழுக் கட்டணம் கட்டுகிறார், ஏனென்றால் நடுவில் அத்திப்பள்ளி. சூளகிரியிலிருந்து ஓசூருக்கு வருகிறவர் அதைவிட அதிக தூரம் வருவார், ஒரு சாவடியும் குறுக்கே வராது, ஒரு பைசா கிடையாது. இரண்டு சாவடிகளுக்கு நடுவே வீடு கட்டியவன் பாக்கியசாலி.

கிலோமீட்டர் என்பதும் கிலோமீட்டர் இல்லை. பாலமோ சுரங்கமோ மேம்பாலமோ இருந்தால் அதன் நீளத்தைப் பத்தால் பெருக்கிக் கணக்கில் சேர்ப்பார்கள். 2025 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது: அப்படிப் பெருக்கி வருகிற நீளம், அந்தப் பகுதியின் மொத்த நீளத்தைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கட்டணம். 40 கிலோமீட்டர் முழுக்கவும் மேம்பாலமாகவே இருந்தால் முன்பு 400 கிலோமீட்டருக்கான காசு, இப்போது 200-க்கு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு முறைக்கு ஒன்றரைக் கட்டணம் போதும். இரண்டு நாள் அம்மாவோடு தங்கிவிட்டுத் திரும்பினால் முழுசாக இரண்டு கட்டணம். என் டயர் தேய்த்த சாலை என்னவோ இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். சாலைக்குப் போட்ட முதல் திரும்பி வந்ததும் கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, 2023-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் வரிசை குறைந்தது உண்மை. ஆனால் அது வாங்கும் முறையைத்தான் மாற்றியது, கணக்கை மாற்றவில்லை. ஒருநாள் கார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே ஏதோ ஒரு சாவடியில் கட்டணம் பிடித்ததாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. பணம் திரும்பி வர மூன்று வாரமும் நாலைந்து போன் அழைப்புகளும் ஆயின. தானாக எண்ணும் எந்திரம் தானாகத் தவறும் செய்யும். இதைச் செயற்கைக்கோள் பேச்சு வரும்போதும் மறக்க வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் ஆண்டு பாஸ் வந்தது. சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும். ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் என்று விளம்பரம் செய்தார்கள். 200 முறையையும் தீர்ப்பவருக்குத்தான் அந்தக் கணக்கு. நான் மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தால் நாலு சாவடி வீதம் ஆண்டுக்கு 48 முறை, அந்த விலையில் ஒன்றுக்கு 62 ரூபாய் 50 காசு விழுகிறது. பெரிய லாபமில்லை. மச்சானுக்கு நூறு வேலை நாளில் பாஸ் தீர்ந்துவிடும், ஆண்டுக்கு இரண்டரை பாஸ் வேண்டும். அவருக்கு அதைவிட சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கான மாதப் பாஸ்தான் மலிவு. 2025-26 கணக்கில் மாதம் 350 ரூபாய் அளவில் முடிந்துவிடும். உண்மையில் ஆண்டு பாஸில் லாபம் வாரக் கடைசியெல்லாம் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு. லாரிக்கு அந்தப் பாஸே கிடையாது. நிறைய ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் விலை குறையும் ஒரு திட்டத்தை, தூரத்துக்கு ஏற்ற நியாயம் என்று எப்படிச் சொல்வது? வசதி என்று சொல்லலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாகன வரியைப் பற்றி இரண்டு வரி போதும். கர்நாடகத்தில் கார் வாங்கும்போதே ஆயுள் வரி, அதுவும் வண்டி விலையில் இத்தனை சதவீதம் என்று. காரை மூடி போட்டு வைத்திருப்பவரும் தினம் ஓட்டுபவரும் ஒரே தொகை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு வந்து 12 மாதத்துக்கு மேல் இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களுக்கு இந்த வரியின் அருமை இரண்டாம் முறை கட்டும்போது நன்றாகவே தெரியும். தூரத்தோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, செயற்கைக்கோள் முறைக்கு வருவோம். வண்டியில் ஒரு கருவி, அது நெடுஞ்சாலையில் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்று பார்த்து ஓடிய தூரத்துக்கு மட்டும் பணம் எடுக்கும். 2024 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி இதற்கு வழி செய்தார்கள். அதில் ஒரு நல்ல அம்சம்: தேசிய பெர்மிட் வண்டிகள் (மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றும் லாரிகள்) தவிர மற்றவற்றுக்கு ஒரு நாளைக்கு ஒவ்வொரு திசையிலும் 20 கிலோமீட்டர் வரை இலவசம், அதைத் தாண்டினால் ஓடிய தூரத்துக்குக் கட்டணம். அது முழுசாக அமலுக்கு வந்தால் மச்சானுக்கு அநேகமாக ஒன்றும் வராது. சூளகிரிக்காரர் ஓடிய தூரத்துக்குக் கொடுப்பார். நான் ஊர் வரை நெடுஞ்சாலையில் ஓடியதற்குக் கொடுப்பேன். நண்பரின் எலக்ட்ரிக் காரும் தப்ப முடியாது. சாவடி நின்ற இடம் விதியாக இருந்த காலம் முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடித்திருந்தது.

சோதனைக்கு எடுத்த இரண்டு சாலைகளில் ஒன்று நம் பெங்களூர்–மைசூர் சாலை, தேசிய நெடுஞ்சாலை 275. இன்னொன்று ஹரியாணாவில் பானிபட்–ஹிசார். ஆனால் 2025 மே 1 முதல் நாடு முழுக்கச் செயற்கைக்கோள் கட்டணம் என்று செய்தி பரவியபோது, அப்படி ஒரு முடிவும் எடுக்கவில்லை என்று ஏப்ரலிலேயே மத்திய அமைச்சகம் மறுத்துவிட்டது. அதற்குப் பதில் சில சாவடிகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவும் ஃபாஸ்டேக்கும் சேர்ந்த, நிற்காமல் போகும் முறை என்றது. அதாவது தடுப்புக் கட்டை போகும், சாவடிக் கணக்கு இருக்கும்.

தயக்கத்துக்குக் காரணம் தேட தூரம் போக வேண்டாம், சில்க் போர்டுக்குப் போனால் போதும். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மேலே கட்டண மேம்பாலம், அதற்கு நேர் கீழே ஓசூர் சாலை. செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தைக் கணக்கிடும் கருவிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே கோடு. மைசூர் சாலையிலும் முக்கியப் பாதைக்கு ஒட்டியே சர்வீஸ் ரோடு. 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்கும் ஆட்டோவும் டிராக்டரும் அந்த முக்கியப் பாதையில் ஏறக் கூடாது, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். சில மீட்டர் பிசகினால் இலவசச் சாலையில் ஊர்ந்தவன் கணக்கில் கட்டணம் ஏறும். இதைச் சரிசெய்யத் தொழில்நுட்பம் இல்லாமலில்லை. ஆனால் வாசலில் நின்ற காருக்குக் காசு பிடித்த எந்திரத்தை நினைத்தால் நம்பிக்கை கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

இதைவிடப் பெரிய கவலை தடம். ஃபாஸ்டேக்குக்கு நான் அத்திப்பள்ளியைத் தாண்டியது தெரியும். செயற்கைக்கோள் கருவிக்கு நான் எந்த மருத்துவமனை முன் நின்றேன், யார் வீட்டில் ராத்திரி தங்கினேன் என்பதும் தெரியக்கூடும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்ன வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, தூரத்தை மட்டும் சொல்லி இடத்தைச் சொல்லாத கருவி வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இதே முறையை ஜெர்மனி லாரிகளுக்கு மட்டும் வைத்துப் பார்த்தது. 2003-ல் தொடங்க வேண்டியது தொழில்நுட்பக் கோளாறுகளால் 2005 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனது, ஜெர்மனியிலேயே. முதலில் 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரி, ஆட்டோபான் சாலை மட்டும். 2018-ல் எல்லா தேசியச் சாலைகளுக்கும், 2024 ஜூலையில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் நீட்டினார்கள். கட்டணம் தூரத்தோடு எடை, அச்சு, புகை எல்லாவற்றையும் பார்த்து மாறும். தனிப்பட்ட கார் இதற்குள் வரவே இல்லை. வியாபார வண்டி எங்கே நிற்கிறது என்பது முதலாளிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சித்தப்பாவே தன் லாரிகளில் ஜிபிஎஸ் மாட்டி வைத்து டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். காரோட்டியின் தனியுரிமைக் கவலை அங்கே அவ்வளவு பொருந்தாது.

நியூசிலாந்து இன்னும் எளிமையாக யோசித்தது. 1978-லிருந்து டீசல் வண்டிகளுக்கு அங்கே பம்பில் சாலை வரி கிடையாது. ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே வாங்கி, அதற்கான சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் ப்ரீபெய்டு ரீசார்ஜ் போலத்தான். கார், சிறிய வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். கனரக வண்டிக்கு எடையும் அச்சும் பார்த்து ஏறும். 2024 ஏப்ரல் 1 முதல் எலக்ட்ரிக் கார்களும் இதில் சேர்ந்தன. ஓடிய தூரத்தைச் சொல்ல வண்டியின் ஓடோமீட்டர் போதும், செயற்கைக்கோள் தேவையில்லை. எங்கே போனோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

நம்மூரில் ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள், பழைய கார் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எண்ணைக் குறித்து வந்தால் ஓரளவு பிடிக்கலாம். இன்னொரு சிக்கல் பெங்களூருக்கே உரியது. என் காரின் பாதி கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடியதே இல்லை, அவுட்டர் ரிங் ரோட்டில் முதல் கியரில் ஊர்ந்தது. ஓடோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தில் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாக வேண்டும், அந்தப் பிரிவினையில்தான் வழக்குகள் கிளம்பும்.

இதுவரை எல்லாமே தூரத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் சாலையைத் தேய்ப்பது தூரம் மட்டுமா? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். அச்சு எடை கூடக் கூட, சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. நம் நாட்டில் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 2018 முதல் அனுமதி 11.5 டன், அதற்கு முன் 10.2. காரின் அச்சில் 700 கிலோ என்று வைத்தால் லாரி அச்சு 16 மடங்கு. 16-ஐ நான்கு முறை பெருக்கினால் 65,536. டோல்கேட்டில் இரண்டு அச்சு லாரி காரைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்குதான் கொடுக்கிறது.

இதைப் போனில் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம். "லாரியில வர்றது உங்க அரிசி, உங்க சிமென்ட்டுதானப்பா. எனக்கு ஏத்துனா அந்த வாடகைய நீங்கதான கொடுக்கணும்" என்றார். நியாயம்தான். அதோடு, சாலைச் செலவு முழுக்கத் தேய்மானமும் அல்ல. நாலு வழியை ஆறு வழியாக்குவதும் மேம்பாலம் கட்டுவதும் லாரிக்காக மட்டுமில்லை; பண்டிகை முதல்நாள் சாயங்காலம் ஓசூர் சாலையில் நிற்கிற கார்களைப் பார்த்தால் தெரியும். அகலத்துக்கான காசைக் கார்களும், கனத்துக்கான காசை லாரிகளும் கொடுப்பது என்று பிரித்தால் சித்தப்பாவும் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

என் தேர்வு இப்படி. விரைவுச்சாலைகளில் ஏறும் இடம், இறங்கும் இடம் பார்த்துத் தூரத்துக்கு வாங்கும் முறை டெல்லி–மும்பை விரைவுச்சாலையில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே எல்லோருக்கும் போதும். மற்ற நெடுஞ்சாலைகளில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் செயற்கைக்கோள் முறையைக் கொண்டுவரலாம், அச்சும் எடையும் சேர்த்து. சொந்தக் கார்களுக்கு அது வேண்டாம். பெட்ரோல், டீசல் கார்கள் செஸ்ஸிலேயே கொடுக்கட்டும், எலக்ட்ரிக் கார்கள் ஓடோமீட்டர் கணக்கில் கொடுக்கட்டும். கிலோமீட்டர் கட்டணம் எந்த வண்டிக்கு வருகிறதோ அந்த வண்டிக்கு செஸ் போக வேண்டும். இல்லையென்றால் வரிசையில் மூன்றாவதாக இன்னொரு கை நீளும், அவ்வளவுதான். செஸ்ஸும் டோலும் சேர்ந்து கொடுக்கிற இப்போதைய நிலைமையைவிட நான் சொல்வதில் கார்க்காரனான எனக்குக் கொஞ்சம் லாபம் இருக்கிறது, மறைக்கவில்லை. பைக்காரருக்கு என்ன செய்வது என்பதுதான் உறுத்துகிறது. லிட்டருக்கு 5 ரூபாய் கொடுத்துவிட்டு மைசூர் சாலையில் ஏற முடியாமல் நிற்பவர் அவர். அவருக்குக் குண்டும் குழியும் இல்லாத சர்வீஸ் ரோடாவது அந்தப் பணத்தில் போட வேண்டும்.

போன வாரம் சித்தப்பா லோடு இறக்கும் விஷயமாகப் பெங்களூர் வந்திருந்தார். எலக்ட்ரிக் கார் நண்பரும் கூட இருந்தார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வரை கொடுக்கத் தயார் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சித்தப்பா பதில் பேசாமல் தன் போனை என்னிடம் நீட்டினார். கிருஷ்ணகிரி சாவடியின் இரண்டு குறுஞ்செய்திகள். ஒன்று லாரி முழு லோடோடு வந்தபோது, இன்னொன்று வெறும் வண்டியாகத் திரும்பியபோது. அச்சில் எடை பாதியாகக் குறைந்தாலே ஒட்டாவா கணக்கில் சேதம் பதினாறில் ஒரு பங்கு. அதிக லோடைப் பிடிக்க எடை மேடையும் பல சாவடிகளில் இருக்கிறது. இரண்டு செய்தியிலும் தொகை ஒன்றுதான்.